மைசூர்த் திவான் ரங்காச்சார்லு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் தமிழகத்துப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். புலவர்களைப் பற்றியும் அடியார்களைப் பற்றியும் விடுதலைப் போரில் ஈடுபட்ட தியாகிகளைப் பற்றியும் அன்பர்கள் பலர் நன்கு எழுதியுள்ளனர். இவ்வாண்டு அப்பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு விந்தியத்திற்கு வடக்கே வந்து குடியேறியிருக்கும் நமக்கு, நம்மைப் போலவே வேற்று மொழி வழங்கும் நாட்டில் பணியாற்றி அந்நாட்டிற்கு நிலையான நன்மை ஒன்றைச் செய்து மறைந்த தமிழர் ஒருவரின் வரலாறே பொருத்தமானது என்று எண்ணினோம். அவ்வகையில் நம் நினைவுக்கு வந்தவர் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய ரங்காச்சார்லு அவர்கள்.

நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலம் கழித்து வருபவர். ஆயினும் அரசியல் சட்டம் என்பது அறிஞர்களுக்கு மட்டும் உரிய பொருள் அன்று என்பதை இப்பெரியாரின் வரலாறு நமக்கு உணர்த்தியது. ஆள்பவர் ஆளப்படுபவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் எளிய நீதியே அதன் வேர். அரசர் ஆண்ட நாடொன்றில் அந்த வேர் ஊன்றப்பட்ட கதையைத் தான் இங்கே கூற முற்படுகிறோம்.

குமாஸ்தாவின் மகன்

ரங்காச்சார்லு 1831-ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டத்தில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளுள் முதலாவது செட்டிபுண்ணியம் என்னும் ஊரைக் குறிக்கும். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் உள்ள அவ்வூரில் யோக ஹயக்ரீவர் சந்நிதி இருப்பதை நம்மில் பலர் அறிவோம். விடுமுறையில் ஊர் செல்லும்போது, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று பேனாவை வைத்து வணங்கி வரும் தாய்மார்கள் நம் காலனியிலும் உள்ளனர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய ஒருவர் ஓர் அரசின் அமைப்பையே திருத்தியவர் என்பதை அப்பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லலாம்.

அவருடைய தந்தையார் செங்கற்பட்டுக் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். செல்வம் மிக்க குடும்பம் அன்று. சென்னையில் முதல் இந்தியப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக விளங்கிய உறவினர் இராகவாச்சாரியாரின் ஆதரவில் ரங்காச்சார்லுவின் கல்வி நடந்தது. முதலில் பச்சையப்பன் பள்ளியிலும், பின்னர் பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த உயர்நிலைப் பள்ளியிலும் அவர் பயின்றார். அங்கே தலைமை ஆசிரியராக இருந்த பவல் துரையிடம் பாடம் கேட்ட மாணவர்கள் பலர் பின்னாளில் பெரும் பதவிகளை அடைந்தனர். இந்தூர், திருவிதாங்கூர், பரோடா ஆகிய சமஸ்தானங்களில் திவானாக விளங்கிய கும்பகோணம் மாதவராவ் அவர்களும் அப்பள்ளியின் மாணாக்கரே.

1849-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதளவில், ரங்காச்சார்லுவும் தந்தையைப் போலவே கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக அமர்ந்தார். பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து தாசில்தாராகவும் டிப்டி கலெக்டராகவும் ஆனார். 1850-களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டபோது, அதன் தலைவர் டெய்லர் துரைக்குத் துணையாக அவர் நியமிக்கப்பட்டார்.

இனாம் கமிஷனின் வேலை எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் நலம். பழைய அரசர்களும் நவாபுகளும் கோயில்களுக்கும் புலவர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் வரியின்றியோ குறைந்த வரியிலோ விட்ட நிலங்கள் மாகாணம் முழுவதும் இருந்தன. அவற்றிற்குச் செப்பேடு உண்டா, சனது உண்டா, அனுபவம் மட்டுமே உண்டா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, உரிமையை உறுதி செய்து, பத்திரம் வழங்குவதே கமிஷனின் பணி. ஒரு குடும்பத்தின் சோறு ஒரு காகிதத்தை நம்பியிருக்கும் வேலை அது. அரசரின் வாய்ச்சொல்லால் வந்த சலுகையை எழுத்தில் நின்று நிலைக்கும் உரிமையாக மாற்றும் பயிற்சியை ரங்காச்சார்லு அங்கே பெற்றார் என்று நாம் கருதுகிறோம். பின்னாளில் அவர் மைசூரில் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

ஐம்பது ஆண்டு அரசின்றி இருந்த அரசு

இனி மைசூரின் நிலையைப் பார்ப்போம். 1799-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த பின்னர், ஆங்கிலேயர் பழைய உடையார் குலத்துக் குழந்தை ஒன்றை அரியணையில் அமர்த்தினர். அவரே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1830-இல் நகர் என்னும் பகுதியில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். நிர்வாகம் சீர்கெட்டது என்று காரணம் காட்டி, 1831-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு ஆட்சியைத் தம் கமிஷனர்களிடம் ஒப்படைத்தார். மன்னர் மன்னராகவே இருந்தார். ஆட்சி மட்டும் அவர் கையில் இல்லை. ரங்காச்சார்லு பிறந்த ஆண்டும் மைசூர் அரசர் ஆட்சியை இழந்த ஆண்டும் ஒன்றாய் இருத்தல் வியப்புக்குரியது. அந்த ஆட்சி திரும்பி வருங்கால் அதனை ஏற்று நடத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது.

ஆட்சியைத் திரும்பத் தருமாறு கிருஷ்ணராஜர் பல்லாண்டுகள் மன்றாடினார். ஆண் வாரிசு இல்லாத அவர் 1865-இல் சாமராஜேந்திரர் என்னும் குழந்தையைச் சுவீகாரம் செய்துகொண்டார். அச்சுவீகாரத்தை முதலில் ஏற்க மறுத்த ஆங்கில அரசினர் 1867-இல் மனம் மாறி, அக்குழந்தை தக்க வயதை அடைந்ததும் நாட்டைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டனர். அடுத்த ஆண்டு, 1868 மார்ச்சில், முதிய மன்னர் காலமானார்.

அரண்மனையை ஒழுங்குபடுத்த நேர்மையும் கணக்கறிவும் உள்ள ஒருவர் தேவைப்பட்டார். சென்னை மாகாணத்திலிருந்து ரங்காச்சார்லு அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. நம்மில் பலர் இங்கு மாற்றலாகி வந்த வயதை ஒத்ததே அது. மறைந்த மன்னர் விட்டுச் சென்ற கடன்கள், அரண்மனை நகைகள், உறவினர்களின் மானியங்கள், பணியாட்களின் சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் அவர் கணக்கில் கொண்டு வந்தார். அரண்மனைக்குள் வெளியூரார் ஒருவர் நுழைந்து கணக்குப் பார்த்தால் அங்குள்ளோர்க்கு எத்துணைக் கசப்பு உண்டாகும் என்பதை அலுவலகத்தில் தணிக்கைக்கு வந்தவர்களைக் கண்டிருக்கும் நாம் எளிதில் ஊகிக்கலாம்.

கன்னட நாட்டை அவர் தம் நாடாகவே கருதி உழைத்தார். 1874-இல், மைசூரில் நடந்த ஆங்கில ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய நூல் ஒன்று இலண்டனில் வெளியாயிற்று. பெருஞ்சம்பளம் பெறும் ஆங்கில அதிகாரிகள் மேன்மேலும் பெருகுவதையும், நாட்டவர்க்குப் பொறுப்புள்ள பதவிகள் கிடைக்காமையையும் அவர் அதில் அஞ்சாது எடுத்துக் காட்டினார். அந்த ஆட்சியிடமே சம்பளம் பெற்றுக்கொண்டு அதன் குறையை எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். உத்தியோகத்தில் இருப்போர் இதன் அருமையை அறிவர்.

பஞ்சம்

நாடு திரும்பி வரும் நாள் நெருங்கியபோது பெருங்கேடு ஒன்று சூழ்ந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் தம் பாட்டிமாரிடம் கேட்டறிந்த கதைகள் இன்னும் நம் வீடுகளில் வழங்குகின்றன. மைசூர் நாட்டில் அதன் கொடுமை மிகப் பெரிது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த மக்கள் தொகை, 1881-இல் நாற்பத்திரண்டு இலட்சத்துக்கும் குறைந்துவிட்டது. கருவூலம் காலியாயிற்று. பஞ்ச நிவாரணத்திற்காக இந்திய அரசிடம் பட்ட கடன் எண்பது இலட்சம் ரூபாய். சமஸ்தானத்தின் ஆண்டு வருமானமே சுமார் ஒரு கோடிதான்.

பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் இருப்புப் பாதையின் மண் வேலை அந்நாளில் தொடங்கியதே என்பது இரயில்வேக் குடும்பங்களாகிய நமக்கு அறியத் தக்கது. பசித்து வந்தவர்க்குக் கூலி கொடுத்து மண் சுமக்கச் செய்து அமைத்த கரை அது. இராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் வழியாகச் சுமார் 86 மைல் செல்லும் அப்பாதை, மீட்டர் கேஜாக 1882-இல் மைசூரை எட்டியது. இன்று அகலப் பாதையில் விரைந்து செல்லும் வண்டிகளில் ஜன்னலோரம் அமர்ந்து செல்வோர், தமக்குக் கீழே இருக்கும் மண்ணைச் சுமந்தவர்களை ஒரு கணம் நினைத்தல் தகும்.

நாட்டை ஒப்படைத்த பத்திரம்

1881-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், பதினெட்டு வயது நிரம்பிய சாமராஜேந்திர உடையார் அரியணை ஏறினார். சென்னைக் கவர்னர் ஆடம் துரை வந்து முடிசூட்டு விழாவை நடத்திவைத்தார். ரங்காச்சார்லு திவானானார்.

ஆயினும் மன்னருக்குக் கிடைத்த அதிகாரம் முன்னோர் ஆண்ட அதிகாரம் அன்று. ஒப்படைப்புப் பத்திரம் ஒன்றின் வாயிலாகவே நாடு திருப்பித் தரப்பட்டது. அதன் நிபந்தனைகளைப் பார்த்தால் கட்டு எத்துணை இறுக்கமானது என்பது விளங்கும். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கப்பம் முப்பத்தைந்து இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பஞ்சத்தைக் கருதி, உயர்த்திய பகுதி மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. சமஸ்தானம் தனி நாணயம் அடித்தல் ஆகாது. புதிய கோட்டை கட்டுதல் ஆகாது. பிற அரசுகளோடு நேரே தொடர்பு கொள்ளல் ஆகாது. பெங்களூர்த் தண்டு ஆங்கிலேயரிடமே இருக்கும். இருப்புப் பாதைக்கும் தந்திக்கும் வேண்டிய நிலத்தை விலையின்றித் தருதல் வேண்டும். அந்நாளில் நாட்டில் நடைமுறையில் இருந்த சட்டங்களைக் கவர்னர் ஜெனரலின் இசைவின்றிப் பெரிதும் மாற்றுதல் கூடாது. அவர் தரும் யோசனைக்கு மன்னர் எப்போதும் இணங்கி நடத்தல் வேண்டும்.

இவையெல்லாம் மன்னருக்கும் மேலுள்ள வல்லரசுக்கும் இடையே உள்ள ஏற்பாடு. மன்னர் தவறினால் கேட்பதற்குக் கல்கத்தாவில் ஒருவர் இருந்தார். மன்னருடைய சொந்தச் செலவும் நாட்டின் வருமானமும் வேறு வேறாக இருத்தல் வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. திவானைத் தலைவராகக் கொண்ட ஆலோசனைக் கவுன்சில் ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆனால் வரி கொடுக்கும் குடியானவனுக்கு இந்த ஏற்பாட்டில் இடம் எங்கே? மேலே இருப்பவர் இருவரும் பேசிக்கொள்ள வழி இருந்தது. கீழே இருப்பவன் பேசுவதற்கு வழி இல்லை. அந்தப் பத்திரத்தில் இல்லாத ஒன்றை, அதற்கு மாறுபடாமலேயே, ரங்காச்சார்லு கொண்டு வந்தார்.

பிரஜாப் பிரதிநிதி சபை

திவானான ஐந்தாம் மாதத்தில், 1881 ஆகஸ்டில், மன்னரின் இசைவுடன் அரசு ஆணை ஒன்று பிறந்தது. ஆண்டுதோறும் தசரா விழாவை ஒட்டி மைசூர் நகரில் பிரதிநிதிகளின் சபை ஒன்று கூட வேண்டும் என்பது அதன் கருத்து. ஒவ்வொரு தாலூகாவிலிருந்தும் விவரம் அறிந்த குடியானவர் ஓரிருவரும், ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் முதன்மையான வணிகர் சிலரும் தேர்ந்தெடுத்து அனுப்பப்படல் வேண்டும். தசராவை ஒட்டிக் கூட்டியதில் ஒரு நடைமுறை அறிவு உண்டு. எப்படியும் மக்கள் மன்னரைக் காண மைசூருக்கு வரும் காலம் அது. இருப்புப் பாதை அவ்வாண்டில் மைசூர் வரை முடிந்திருக்கவில்லை. மலைநாட்டிலிருந்தும் வறண்ட சமவெளியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவோர்க்கு ஒரே பயணத்தில் இரண்டு காரியமும் முடியும்.

1881 அக்டோபர் 7-ஆம் நாள் முதற் கூட்டம் கூடியது. வந்திருந்தோர் 144 பேர். அவர்கள் முன்னிலையில் திவான் எழுந்து, சமஸ்தானத்தின் வரவு செலவையும், சென்ற காலத்தில் செய்தவற்றையும், இனிச் செய்ய எண்ணியவற்றையும் விரிவாக எடுத்துரைத்தார். பின்னர் வந்திருந்தோர் தத்தம் பகுதியின் குறைகளையும் தேவைகளையும் கூறினர்.

இக்காட்சியை நாம் மனத்தில் கொண்டு வந்து பார்த்தோம். அதுவரை தாசில்தார் கச்சேரியின் திண்ணைக்கு மேல் ஏறியறியாத ஒரு நாட்டுப்புறக் குடியானவர், நாட்டின் முதல் அதிகாரி நின்றுகொண்டு தமக்குக் கணக்கு ஒப்பிப்பதைக் கேட்கிறார். சுதேச சமஸ்தானங்களில் இத்தகைய சபை தோன்றியது அதுவே முதல் முறை. இந்திய தேசிய காங்கிரஸ் பம்பாயில் முதன்முதல் கூடியதே 1885-இல்தான். திருவிதாங்கூரில் சட்டசபை 1888-இலும், ஸ்ரீமூலம் பிரஜா சபை 1904-இலும் தோன்றின.

நிற்க. இச்சபையின் குறைகளையும் மறைக்காது கூறுதல் முறை. அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. வாக்கெடுத்து ஒன்றைத் தடுக்கும் உரிமையும் இல்லை. உறுப்பினரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளூர் அமைப்புகளும் அதிகாரிகளுமே பொறுக்கி அனுப்பினர். வந்தவர்கள் நிலமும் பொருளும் உள்ளவர்கள். பஞ்சத்தில் பெரிதும் மடிந்த கூலியாட்களுக்கும் பெண்களுக்கும் அங்கே நாற்காலி போடப்படவில்லை. மேலும் அச்சபை ஓர் ஆணையால் பிறந்தது. மற்றோர் ஆணையால் அதனைக் கலைத்திருக்கவும் கூடும். சட்டம் அறிந்தோர் இதனை அரசியல் சட்டம் என்றே ஒப்ப மாட்டார்கள். மன்னரின் கருணை என்றே கூறுவர்.

ஆனால் கருணையாகத் தொடங்கியது ஆண்டுதோறும் தவறாது நடந்தால் வழக்கமாகிறது. வழக்கம் வேரூன்றினால் உரிமையாகிறது. ஒருமுறை பொதுவில் கணக்குச் சொன்னவர் மறு ஆண்டு சொல்லாமல் இருந்தால், ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் வாய் நாட்டில் உண்டாகிவிடுகிறது. ரங்காச்சார்லு நட்டது அந்த வாய்.

வெளியூரார் என்னும் குறை

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு நமக்குப் பயன்படாது. மைசூர் சமஸ்தானத்தின் உயர் பதவிகளில் சென்னை மாகாணத்தார் பலர் அமர்ந்திருந்தனர். ரங்காச்சார்லுவுக்குப் பின் திவானாகிப் பதினெட்டு ஆண்டுகள் பதவி வகித்த பாலக்காட்டுச் சேஷாத்திரி ஐயரும் 1868-இல் ரங்காச்சார்லுவின் ஆதரவால் மைசூருக்கு வந்தவரே. மைசூரார் உத்தியோகங்களை வெளியூரார் கொண்டு போகின்றனர் என்ற மனக்குறை நாளடைவில் பெரிதாகி, மைசூர் மைசூராருக்கே என்ற குரலாக எழுந்தது. அக்குறையில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆங்கிலக் கல்வி முதலில் பரவிய சென்னையிலிருந்து வந்தோர் முந்திக்கொண்டனர். உள்ளூர் இளைஞர் பின்தங்கினர். நம் காலனிக்கு வெளியேயும் இத்தகைய பேச்சு அவ்வப்போது எழுவதை நாம் கேட்டதில்லையா?

சிக்கனத்தின் பொருட்டு ரங்காச்சார்லு செய்த சில மாற்றங்களும் மக்களுக்குத் துன்பம் தந்தன. எட்டாக இருந்த மாவட்டங்களை ஆறாக அவர் குறைத்தார். ஹாஸனும் சித்திரதுர்க்கமும் மாவட்டத் தகுதியை இழந்தன. ஒரு வழக்கிற்காகவோ மனுவிற்காகவோ நெடுந்தூரம் அலைய வேண்டிய நிலை அப்பகுதியார்க்கு ஏற்பட்டது. அவர் மறைவுக்குப் பின் 1886-இல் அவ்விரு மாவட்டங்களும் மீண்டும் அமைக்கப்பட்டன. கடன் சுமையில் எடுத்த முடிவு அது. ஆயினும் முற்றும் சரியான முடிவு அன்று.

இதிலிருந்து நாம் கண்ட உண்மை ஒன்று. வெளியூரிலிருந்து வந்து அதிகாரம் பெற்றவர், தம் அறிவையும் நேர்மையையும் மட்டும் நம்பி ஆளலாம்; அவ்வாறு ஆண்டவர் பலர். ரங்காச்சார்லுவோ தம்மையே கேள்வி கேட்கும் இடம் ஒன்றை உள்ளூராருக்கு அமைத்துக் கொடுத்தார். தம் தவறுகளை எடுத்துச் சொல்வதற்கும், தம்மவர் மிகுதியாக வந்துவிட்டனர் என்று குறை கூறுவதற்கும் கூட ஒரு மேடை வேண்டுமென்றால், அந்த மேடைக்கு வித்திட்டவர் அவரே. குடியேறிய ஒருவர் குடியேறிய நாட்டிற்குத் தரக்கூடிய காணிக்கைகளுள் இதனினும் உயர்ந்தது ஒன்றை நாம் அறியோம்.

மறைவும் பின் விளைவும்

1882 அக்டோபரில் இரண்டாம் கூட்டமும் நடந்தது. அதுவே அவர் கண்ட கடைசிக் கூட்டம். உடல்நலம் குன்றிச் சென்னைக்கு வந்த ரங்காச்சார்லு, 1883 ஜனவரி 20-ஆம் நாள் அங்கே காலமானார். திவான் பதவியில் அவர் இருந்தது இருபத்திரண்டு திங்கள் மட்டுமே. அவர் பெரிதும் விரும்பிய இருப்புப் பாதை விரிவும் அவர் மறைவுக்குப் பின்னரே தும்கூரைக் கடந்து குப்பி வரை 1884-இல் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே மைசூர் நகரில் அவர் நினைவாக மண்டபம் ஒன்றிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ரங்காச்சார்லு நினைவு மண்டபம் என்று பெயர் பெற்ற அக்கட்டடமே நகர மண்டபமாக விளங்குகிறது. அரண்மனை காணச் செல்வோர் அதனையும் கண்டு வரலாம்.

கட்டடத்தினும் சிறந்த நினைவுச் சின்னம் அச்சபையே. அது அவரோடு மறையவில்லை. சேஷாத்திரி ஐயர் காலத்தில், 1891 முதல், உறுப்பினர்கள் தேர்தல் வழியே வரலாயினர். 1907-இல் சட்டசபை ஒன்றும் தனியே அமைந்தது. விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில் ஆண்டில் இருமுறை பிரதிநிதி சபை கூடலாயிற்று. 1923-இல், நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், சபைக்குச் சட்டத்தின் ஆதாரமே கிடைத்தது. புதிய வரி விதிக்குமுன் அதன் கருத்தைக் கேட்டல் வேண்டும், சட்டங்களின் நோக்கத்தைப் பற்றி அதனைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்பன எழுத்தில் ஏறின. நாற்பத்திரண்டு ஆண்டுகள் வழக்கமாக நின்ற ஒன்று சட்டமாயிற்று. இனாம் நிலத்திற்குப் பத்திரம் கிடைத்தது போல என்று சொன்னால் ரங்காச்சார்லு மகிழ்ந்திருப்பார்.

விடுதலைக்குப் பின்னர், 1949-இல் அச்சபை கலைக்கப்பட்டது. 1950-இல் பாரத நாட்டின் அரசியல் சட்டம் வந்தது. மைசூர் அதில் ஒரு மாநிலமாகி, 1973-இல் கர்நாடகம் என்று பெயர் பூண்டது. வாக்குரிமை இன்று வயது வந்த எல்லார்க்கும் உரியது. 144 பேரோடு தொடங்கிய பாதை அங்கே வந்து சேர்ந்தது.

நமக்கு ஒரு பாடம்

நம் சங்கத்தின் பொதுக்குழுவிற்கும் இவ்வரலாற்றிற்கும் தொடர்பு உண்டு என்றால் அன்பர்கள் நகைக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் சங்கத்தின் பொருளாளராக இருந்தோம். பொதுக்குழுவில் வரவு செலவைப் படித்தபோது, பொங்கல் விழாவிற்கு வாங்கிய வெல்லத்தின் கணக்கைப் பற்றி அம்மையார் ஒருவர் ஐயம் எழுப்பினார். நமக்குச் சினம் மூண்டது. இரவு பகல் பாராது உழைத்தவரை இவ்வாறு கேட்கலாமா என்று எண்ணி, முகம் கொடுக்காமல் விடை கூறி அமர்ந்தோம். மறுநாள் சிட்டைகளைப் புரட்டியபோது, ஒரே ரசீது இரண்டிடத்தில் ஏறியிருந்ததைக் கண்டோம். தொகை சிறியது. திருத்தியும் விட்டோம். ஆனால் அந்த அம்மையாரிடம் சென்று சொல்ல நமக்கு ஓராண்டு ஆயிற்று.

ஒரு கோடி ரூபாய் வருமானமுள்ள நாட்டின் திவான், தம்மைக் கேட்க எந்தச் சட்டமும் இல்லாதபோது, தாமே முன்வந்து குடியானவர் முன் நின்று கணக்குக் கூறினார் என்று பின்னர் அறிந்தபோது, நாம் உண்மையாகவே நாணினோம். கேட்பவர் பகைவர் அல்லர். நம்மைத் தம்மவராக மதிப்பதாலேயே கேட்கிறார். இது சங்கத்திற்கும் பொருந்தும். நாம் குடியிருக்கும் இவ்வூருக்கும் பொருந்தும். இவ்வூரார் நம்மைப் பற்றிக் கேட்கும் கேள்விகளைக் காலனியின் மதிலுக்குள் இருந்துகொண்டு கேளாதது போல் இருத்தல் நன்றன்று. அடுத்த ஆண்டு விழாவிற்கு அக்கம்பக்கத்துப் பெரியோரையும் அழைத்து, நாம் என்ன செய்கிறோம் என்பதை அவர்கள் மொழியில் எடுத்துக் கூறினால் என்ன என்பது நம் விண்ணப்பம்.

செங்கற்பட்டுக் குமாஸ்தா ஒருவரின் மகன் கன்னட நாட்டில் அதைத்தான் செய்தார். அவர் புகழ் வாழ்க! நம் சங்கம் வளர்க!